புள்ளியும் கோடும்

தைப்பொங்கலன்று பொழுது புலருமுன் வன்னி நாட்டு முற்றங்களில் நடப்பது யாவரும் அறிந்ததே. முற்றம் கூட்டிச் சாணத்தால் மெழுகப்படும். உலக்கையைத் தரையிற் கிடத்தி, அதன் ஓரமாக அரிசிமாவைத் தூவி, நேரிய எல்லைக் கோடுகள் இடப்படும். பொங்கற் பானைக்குரிய அடுப்பு அச்சதுரத்தின் நடுவே அமையும். பின்னர் வீட்டுப் பெண்ணொருத்தி குனிந்து நின்று, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவை எடுத்துப் புள்ளியிடத் தொடங்குவாள். புள்ளிகள் முடிந்ததும் கோடு புறப்படும். ஒரு புள்ளியைச் சுற்றி, அடுத்ததை வளைத்து, தன்னையே பலமுறை குறுக்கறுத்து, கடைசியிற் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். பார்த்து நிற்கும் பிள்ளைக்கு அது மாயம் போலத் தோன்றும். இடுகின்றவளுக்கோ அது கைப்பழக்கம்.

இவ்வகைக் கோட்டுக்கு உறவு சொல்லத்தக்க ஒரு கலை உலகின் மேற்குக் கோடியிலும் வளர்ந்தது. அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், ட்ரினிற்றிக் கல்லூரி நூலகத்திற் பழஞ்சுவடியொன்று பேணப்பட்டு வருகின்றது. கெல்ஸ் நூல் என்பது அதன் பெயர். கிறித்தவ வேதத்தின் நான்கு சுவிசேடங்களையும் கன்றுத் தோலில் எழுதி, வண்ணந்தீட்டி, ஏறத்தாழக் கி.பி. 800 அளவில் துறவிகள் ஆக்கிய நூல் அது. 340 தோலேடுகள் இன்று எஞ்சியுள்ளன. அதன் எழுத்துகளைச் சுற்றியும் ஓரங்களிலும் கயிறு போன்ற கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒன்றன்கீழ் ஒன்றாகவும் மாறி மாறிச் சென்று, முடிச்சுகளாய்ப் பின்னி, முடிவின்றித் தொடர்கின்றன. சிலவற்றைத் தொடர்ந்து செல்லப் பூதக்கண்ணாடி வேண்டும். அயர்லாந்தின் கல்லறைச் சிலுவைகளிலும் அணிகலன்களிலும் காணப்படுவனவும், இன்று உலகெங்கும் கெல்தியச் சின்னங்கள் என வழங்கப்படுவனவும் பெரும்பாலும் இம்மரபைச் சேர்ந்தவையே.

ஒற்றுமை ஒன்று கண்டவுடன் குலமுறை கிளத்தத் தொடங்குவது நம்மவரிற் சிலருக்குப் பழக்கம். கோலம் கடல் கடந்து அயர்லாந்து சென்றது என்று சொல்வதற்கு எவ்வகைச் சான்றும் இல்லை. அங்கிருந்து இங்கு வந்தது என்பதற்கும் இல்லை. பசிபிக் கடலிலுள்ள மலேக்குலாத் தீவினரும் மணலிற் புள்ளியையும் சட்டத்தையும் ஆதாரமாகக் கொண்டு முடிவிலாக் கோடு வரைந்தனர். ஆபிரிக்காவிலே அங்கோலா நாட்டுச் சொக்குவே மக்களும் கதை சொல்லும்போது மணலிற் புள்ளி குத்தி அவ்வாறே வரைந்தனர். மலேக்குலாவில் வாழ்ந்து ஆராய்ந்த ஜோன் லேயார்ட் என்பார் 1937 இல் இலண்டன் நாட்டாரியல் ஏடொன்றில் தென்னிந்தியக் கோலங்களைப் பற்றி எழுதியபோது, இவ்வொப்புமையையே எடுத்துக்காட்டினார். புள்ளிகளைச் சுற்றிக் கோடு செலுத்தும் முறையை மனிதர் வெவ்வேறிடங்களிற் கண்டுபிடித்தனர் என்று கொள்வதே பொருத்தம். இவ்விரு மரபுகளும் கற்கப்பட்ட வகையும், கற்றல் அறுந்தபோது நேர்ந்ததுமே ஈண்டு நோக்கத்தக்கவை.

முதலில், கெல்தியச் சின்னங்கள் பற்றி வழங்கும் இரு மயக்கங்களைக் களைதல் வேண்டும். மூன்று சுருள்கள் ஒன்றோடொன்று இணைந்த உருவம் கெல்தியருடையதெனப் பலரும் கருதுவர். அதன் புகழ்பெற்ற வடிவம் அயர்லாந்தின் நியூகிறேஞ்சு என்னுமிடத்திலுள்ள பெருங்கல் ஈமக்கட்டடத்தின் உள்ளே செதுக்கப்பட்டுள்ளது. அக்கட்டடம் ஏறத்தாழக் கி.மு. 3200 அளவிலே எழுந்தது. கெல்தியர் என வரலாறு கூறும் மக்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தது. மற்றது, ஒவ்வொரு முடிச்சுக்கும் காதல், நித்தியம், நட்பு என ஒவ்வொரு பொருள் உண்டென்பது. அம்முடிச்சுகளை வரைந்த காலத்தவர் அவற்றுக்கு அகராதி எதுவும் எழுதி வைக்கவில்லை. அணிகலன் விற்போர் பிற்காலத்திற் கட்டிய பொருள்களே அவற்றுட் பல. கோலத்துக்கும் இவ்வாறு பொருள் கட்டுவோர் உளர். பொருளை மனப்பாடம் செய்தவன் ஒரு முடிச்சையேனும் வரையக் கற்றானல்லன்.

அக்காலத்து அயர்லாந்திலே மாணாக்கர் எவ்வாறு கற்றனர் என்பதற்கு மண் சான்று தருகின்றது. வட அயர்லாந்தில் ஸ்ட்ராங்போர்ட் கடலேரியின் தீவொன்றில் நென்ட்ரம் என்னும் துறவிமடம் இருந்தது. 1922 முதல் 1924 வரை அங்கு அகழ்ந்தபோது, எழுத்துகளும் பின்னல் வடிவங்களும் கீறிய கற்பலகைத் துண்டுகள் கிடைத்தன. டப்ளின் முதலிய இடங்களில் விலங்கெலும்புகளின்மேற் பயின்ற வடிவங்கள் கிடைத்துள்ளன. ஒரே துண்டில் ஒரு முடிச்சு அரைகுறையாக நிற்க, அதன் பக்கத்தில் மற்றொன்று செவ்வனே முடிந்திருப்பதைக் காணலாம். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. மணல் அழிந்து போயிற்று. கல்லும் எலும்பும் எஞ்சின. அதுதான் வேறுபாடு.

தேர்ந்தவர் கைக்கொண்ட முறையும் ஓரளவு வெளிப்பட்டுள்ளது. ஏறத்தாழக் கி.பி. 700 அளவில் இங்கிலாந்தின் வடகரையில் ஆக்கப்பட்ட லின்டிஸ்பார்ன் சுவிசேட நூல் இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அதன் அலங்கார ஏடுகளின் பின்புறத்திற் கவராயத்தின் முனை குத்திய துளைகளும், கட்டங்கட்டிய கோடுகளும், வழிகாட்டும் புள்ளிகளும் இன்றுந் தெரிகின்றன. முன்புறத்திற் பார்ப்பவர் வியக்கும் சிக்கலெல்லாம் பின்புறத்தில் எளிய கட்டங்களாய் நிற்கின்றது. மனம்போன போக்கில் ஓடிய கை அன்று அது. முதலிற் புள்ளியும் கட்டமும், பின்னரே கோடு.

இக்கலையை வளர்த்தோர் அமைதியான காலத்தில் வாழ்ந்தவரல்லர். 793 இல் லின்டிஸ்பார்ன் மடம் வைக்கிங்குக் கடற்கொள்ளையராற் சூறையாடப்பட்டது. ஐயோனாத் தீவின் மடம் 795 இலும் 802 இலும் தாக்கப்பட்டது. 806 இல் அங்கு 68 பேர் கொல்லப்பட்டனர். எஞ்சியோருட் பலர் அயர்லாந்தின் உட்பகுதியிலுள்ள கெல்ஸ் என்னுமிடத்துக்குப் பெயர்ந்து, 807 முதல் அங்குப் புதிய மடமொன்றை எழுப்பினர். கெல்ஸ் நூல் ஐயோனாவிலே தொடங்கப்பட்டுக் கெல்சிலே தொடரப்பட்டதோ, முழுதும் ஓரிடத்திலேயே ஆக்கப்பட்டதோ என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. இடம்பெயர்ந்தோர் கையில் அது தப்பியது என்பதில் ஐயமில்லை. 1007 இல் அது களவு போய், இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்தபின், பொன்னட்டை பறிக்கப்பட்டு, புற்றரை மண்ணின்கீழ்க் கிடக்கக் கண்டெடுக்கப்பட்டது.

நூல் தப்பியது, முறை தப்பவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்மானியர் அயர்லாந்தில் நுழைந்ததும், மடங்களின் ஒழுங்கு மாறியதும், ஐரோப்பியப் புதுப்பாணி பரவியதும் சேர்ந்து, பின்னலைக் கற்பிக்கும் மரபைத் தளரச் செய்தன. வேல்ஸ் நாட்டு ஜெரால்டு என்னும் பாதிரியார் அந்நூற்றாண்டின் இறுதியிற் கில்டேர் நகரில் இத்தகைய நூலொன்றைக் கண்டு, அது மனிதர் செயலன்று, தேவதூதர் செயலென்றே தோன்றும் என்னுங் கருத்துப்பட எழுதிவைத்தார். இப்புகழுரையைப் பலரும் மகிழ்ச்சியோடு எடுத்தாள்வர். ஆயினும் ஒரு கலையைத் தேவதூதர் செய்ததெனச் சொல்லத் தொடங்கும்போது, அதைச் செய்யவல்ல மனிதர் அருகி வருகின்றனர் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் நலம்.

அறுந்த முறையை மீட்டவர்களுள் முன்னிற்பவர் ஒரு பாடசாலை உபாத்தியாயர். ஜோர்ஜ் பெயின் என்பார் 1881 இல் ஸ்கொட்லாந்தின் வடகோடியிற் பிறந்தவர். கேர்க்கால்டி உயர்தரப் பாடசாலையிற் பல்லாண்டு சித்திரம் கற்பித்தவர். அவருக்கு முன்பே றொமிலி அலன் என்னும் ஆராய்ச்சியாளர், கெல்திய முடிச்சுகளெல்லாம் சாதாரணப் பாய்ப் பின்னலிலிருந்து பிறந்தவை என்றும், பின்னலின் சில குறுக்குவெட்டுகளை நீக்கி முனைகளை மறுபடி இணைத்தால் முடிச்சு தோன்றும் என்றும் காட்டியிருந்தார். பெயின் அதனைப் பிள்ளைகள் கையாளத்தக்க படிமுறையாக்கினார். புள்ளியிடுக, புள்ளிகளினூடே சாய்கோடு செலுத்துக, ஓரத்தில் வளைத்துத் திருப்புக, வேண்டிய இடத்திற் குறுக்குவெட்டை நீக்குக, கடைசியாக மேல் கீழ் என மாறி மாறிக் கயிற்றுருவம் கொடுக்க என்பது அவர் வகுத்த வழியின் சாரம். கெல்தியக் கலையின் அமைப்பு முறைகள் பற்றிய அவரது நூல் 1951 இல் வெளிவந்தது. இன்று கெல்தியச் சின்னங்களை வரையக் கற்போரிற் பெரும்பாலோர், அறிந்தோ அறியாமலோ, அவ்வாசிரியரின் மாணாக்கரே. பல நூற்றாண்டுகளாகக் கண்ணாற் கண்டும் கையாற் செய்யவியலாதிருந்ததைச் சித்திர வகுப்பொன்று மீட்டுத் தந்தது.

இனிக் கோலத்துக்கு வருவோம். தரையை அலங்கரிக்கும் வழக்கத்தின் தொன்மைக்கு ஆண்டாள் அருளிய நாச்சியார் திருமொழி ஒரு சான்று. தைத்திங்களில் தரையைத் துலக்கி மண்டலமிடுதலும், நுண்ணிய வெண்மணலால் தெருவை அணிசெய்தலும் அங்குப் பேசப்படுகின்றன. ஆண்டாள் காலத்தை எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வைப்பது பெருவழக்கு. அவ்வாறாயின், கெல்ஸ் நூலின் கயிறுகள் தோலிற் பின்னப்பட்ட காலமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. அன்று இடப்பட்ட மண்டலம் இன்றைய புள்ளிக் கோலமேதானா என்பது வேறு வினா. கோலமோ இட்ட அன்றே எறும்புக்கும் காற்றுக்கும் இரையாவது. நூலகத்தில் வைத்துக் காக்க அதில் ஒன்றுமில்லை. அது வாழ்வதெல்லாம் தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் செல்லும் முறையில் மட்டுமே.

அம்முறையிற் கணிதம் மறைந்துள்ளது. நேயர்கள் வானொலியருகே தாளும் பென்சிலும் வைத்திருப்பின் சோதித்துப் பார்க்கலாம். வரிசைக்கு மூன்று புள்ளியாக நான்கு வரிசை இடுக. அடுத்தடுத்த ஒவ்வொரு சோடிப் புள்ளிக்கும் இடையே இரு சாய்கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறும், ஓரத்தை அடைந்த கோடு வளைந்து திரும்புமாறும் வரைக. பன்னிரண்டு புள்ளிகளையும் ஒரே கோடு சுற்றி வந்து புறப்பட்ட இடத்திற் சேரும். மூன்று வரிசையாகக் குறைத்து ஒன்பது புள்ளிக்கு வரைந்தால், ஒரு கோடு போதாது. தனித்தனியே மூன்று கோடுகள் வேண்டும். நான்குக்கு ஆறாயின் இரண்டு கோடுகள். இரு பக்கத்து எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ, அதுவே கோடுகளின் தொகை. இவ்விதி கோலத்துக்கு மட்டுமன்று, அயர்லாந்துத் துறவிகளின் பாய்ப் பின்னலுக்கும் பொருந்தும். நம் பாட்டிமார் காரணி பிரிக்கக் கற்றவரல்லர். ஆயினும் எத்தனை புள்ளிக்குக் கோடு ஒன்றாய் முடியும், எத்தனைக்கு முடியாது என்பதைக் கையால் அறிந்திருந்தனர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, கோலங்களைக் கணிப்பொறி மொழியியலின் இலக்கணத்துக்குள் அமைத்து 1974 இல் ஆய்வுரை வெளியிட்டனர். அதன் பின்னரே உலகக் கணித அறிஞரிற் பலர் கோலத்தின் பக்கம் திரும்பினர்.

வன்னியிற் கோலம் ஒரு படித்தானதன்று. பழைய வன்னிக் கிராமங்களிலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடு முதலிய குளங்களின் கீழ்க் குடியேறியோரிடமும் அது பெரும்பாலும் பொங்கலுக்கும் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் உரியது. 1958 இலும், சிறப்பாக 1977 இலும், இனக்கலவரங்களால் மலையகத்தை விட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியோர் தமிழ்நாட்டு வழக்கங்களை உடன் கொணர்ந்தனர். உலக்கைக் கோடும் சிக்குக் கோலமும் ஒரே ஒழுங்கையில் அயல் வீடுகளாயின.

ஈழத்தில் வடிவங் கற்கும் முறையை ஆராய்ந்து எழுதியோருட் தலையானவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877 இற் கொழும்பிற் பிறந்த அவர், 1908 இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தமது பெருநூலில், கண்டிச் சிற்பாசாரியார் குடும்பத்துச் சிறுவன் எவ்வாறு பயின்றான் என்பதை விவரித்தார். முதலில் அவனுக்குக் கொடுக்கப்படுவது 'வக தெக' என்னும் இரட்டை வளைவு ஒன்றே. அது கைக்கு வந்த பின்னரே கொடி, அதன்பின் பூ, அதன்பின் அன்னம். முழு உருவத்தைப் பார்த்து எழுது என்று தொடக்கத்திற் சொல்லப்படுவதில்லை. முறையை இழந்த கலை பொருட்காட்சிச்சாலைப் பொருளாகிவிடும் என்னும் கவலை அந்நூல் முழுவதிலும் ஓடுகின்றது.

அப்பெரியார் பெயரை வன்னி மக்கள் வேறொரு நிலையில் அறிய நேர்ந்தது. 2008 இல் போர் நெருங்கக் கிளிநொச்சி மாவட்டத்தார் அனைவரும் ஊர்விட்டு ஊராகக் கிழக்கு நோக்கி முல்லைத்தீவுக் கரைவரை பெயர்ந்தனர். 2009 மே மாதம் போர் முடிந்தபோது, இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் வவுனியாவை அண்டிய முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவற்றுட் பெரியதாகிய செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் பிரிவுகளுக்குத் தமிழ்ப் பெரியார் பெயர்கள் இடப்பட்டன. ஒன்று இராமநாதன், ஒன்று அருணாசலம், ஒன்று ஆனந்த குமாரசுவாமி. மூவரும் ஒரே குடும்பத்தவர் என்பதை அங்கிருந்தோரிற் சிலரேனும் நினைத்திருப்பர். வடிவங் கற்கும் முறைக்காக வாழ்நாளைச் செலவிட்டவர் பெயரைத் தாங்கிய அவ்விடத்திற் கூடாரங்கள் வரிசை வரிசையாக நின்றன. கூடாரத்துக்குத் திண்ணையில்லை, படியில்லை, முற்றமில்லை. வாயிலில்லாத இடத்து வாயிற்கோலம் எங்ஙனம் இடுவது? கோலத்துக்கு வேண்டிய பிடி மா அடுப்புக்கே போதாதிருந்த காலம் அது.

மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பின்னாக மக்கள் படிப்படியே ஊர் திரும்பினர். திரும்புமுன் நிலத்திலிருந்து கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. கோலமிடும் முற்றமும் அந்நிலத்தின் ஒரு பகுதியே. பின்னர் இந்திய வீட்டுத் திட்டத்தின் கீழும் பிற திட்டங்களின் கீழும் கல்வீடுகள் எழுந்தன. சாணம் மெழுகிய மண்முற்றத்தின் இடத்தைச் சீமெந்துப் படி பிடித்துக்கொண்டது. இடப்பெயர்வு தொடங்கியபோது ஐந்தாறு வயதாயிருந்த பெண்பிள்ளை, தாயருகே குந்தியிருந்து புள்ளி பழகவேண்டிய ஆண்டுகளைத் தெருவிலும் பதுங்குகுழியிலும் கூடாரத்திலும் கழித்தாள். தாயை இழந்த பிள்ளைகள் பலர். அவ்வயதினர் இன்று தாமே தாயராயுள்ளனர்.

கடையிற் கோலம் இப்போது மலிவு. ஒட்டுத்தாளில் அச்சிட்டது உண்டு. துளையிட்ட உருளையில் மாவை நிரப்பி உருட்டினால் ஒரே கணத்திற் பூவும் கொடியும் விழும். கைப்பேசியிலே ஆயிரம் கோலப் படங்கள் கிடைக்கின்றன. இவற்றைக் குறைகூறிப் பயனில்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்குப் பொங்கற் காலையில் நேரமில்லை என்பது உண்மை. ஆயினும் படத்தைப் பார்த்து எழுதியவர் அப்படத்தை மட்டுமே எழுதுவர்; புள்ளியிற் தொடங்கியவர் இதுவரை ஒருவரும் இடாததை இடவும் வல்லவர். கெல்ஸ் நூலைப் பார்த்திருந்தவர் பலர். வரையத் தெரிந்தவர் இல்லாதிருந்த நூற்றாண்டுகள் இதற்குச் சான்று. வன்னியின் நிலை இன்னும் அவ்வளவுக்குப் போகவில்லை. முறை அறிந்த மூதாட்டியர் இன்றும் ஊர்தோறும் உளர். வாணி விழாக்களிற் கோலப் போட்டி நடத்தும் பாடசாலைகள், அவர்களைப் பரிசளிக்கும் மேடைக்கு அழைப்பதினும் கற்பிக்கும் வகுப்புக்கு அழைப்பது சாலச் சிறந்தது.

வகுப்பிற் கற்பிப்பதற்கு மாவும் வேண்டா, சீமெந்துத் தரையும் வேண்டா. மரநிழலும் வெண்மணலும் போதும். ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் முதற்பாடம். இரண்டு புள்ளிக்கு எட்டு என்னும் இலக்கம் போன்ற கோடு இரண்டாம் பாடம். இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு நான்கு என வளரும்போது கோடு ஒன்றாகவே நிற்கும், பிள்ளைகள் மகிழ்வர். பின்னர் மூன்றுக்கு மூன்றைக் கொடுத்தல் வேண்டும். கோடு மூன்றாகப் பிரிந்து நிற்கும். இரு வேறு கோடுகள் வெட்டுமிடத்தில் வெட்டை நீக்கி முனைகளை வளைத்து இணைத்தால் அவ்விரண்டும் ஒன்றாகும் என்பதை மட்டும் சொல்லலாம். எந்த இரண்டு இடங்களில் அவ்வாறு செய்தால் மூன்றும் ஒன்றாகும் என்பதைச் சொல்லாது விடுதல் நன்று. ஓரிரு நாளில் அவர்களே கண்டுகொண்டு வருவர், ஒவ்வொருவரும் வெவ்வேறு விடையோடு.